பணக்காரங்க அரசியலுக்குக் கொடுக்கிற காசு உண்மையில எதை வாங்குது?

கேள்வியை நான் புரிஞ்சுக்கிட்ட மாதிரி ஒரு தடவை திருப்பிச் சொல்லிடறேன். பந்தலூர் பக்கம் சொந்த ஊரு, கோயம்புத்தூர்ல காலேஜ் செகண்ட் இயர்னு எழுதியிருக்கீங்க. அமெரிக்காவுல லாபியிங், அதாவது சட்டம் போடறவங்களையும் அதிகாரிங்களையும் பார்த்து தனக்கு சாதகமா பேசி முடிக்கிறது, சட்டப்படி நடக்குது, இங்க அப்படி ஒண்ணு இல்லன்னு சொல்றாங்க, அப்போ நம்ம ஊர் பணக்காரங்க அரசியலை எப்படி வளைக்கிறாங்க, ஓட்டுக்குக் கொடுக்கிற காசு மட்டும்தானான்னு கேட்டிருக்கீங்க. ஆனா கடைசி வரியில "எங்கப்பாவே காசு வாங்கிட்டுதான் ஓட்டு போடறாரு, கோவமா வருது"ன்னு போட்டிருக்கீங்க பாருங்க, மெயின் கேள்வி அதுதான்னு எனக்குத் தோணுது. ஜனநாயகத்தைக் கெடுக்கிறது ஐநூறு ரூபாய் வாங்குற உங்கப்பாவா, இல்ல வேற எங்கயோ உக்காந்து வேற ஏதோ வாங்குற ஆளான்னு கேக்குறீங்க. அதுக்குத்தான் பதில் எழுதறேன், கொஞ்சம் நீளமாப் போகும்.

நான் யாருன்னு சொல்லிடணும், அப்பதான் எதை எவ்வளவு நம்பலாம்னு உங்களுக்குத் தெரியும். குன்னூர்ல ஒரு எஸ்டேட் கம்பெனியில அக்கவுண்ட்ஸ்ல பல வருஷம் இருந்தேன், அங்க கணக்கோட சேர்த்து கவர்மெண்டுக்குப் போற மனுக்கள், அவங்க பாஷையில ரெப்ரசன்டேஷன், அதையும் டிராஃப்ட் பண்ணுவேன். ரிட்டயர் ஆனதுக்கப்புறம் கோத்தகிரியில சிறு தேயிலை விவசாயிகளுக்கு மனு எழுதிக் கொடுக்கிறேன். ஆக ரெண்டு பக்கத்துக்கும் பேனா பிடிச்சவன். வக்கீல் கிடையாது, எந்தக் கட்சியிலயும் இல்ல. சட்ட விஷயத்துல நான் சொல்றது தீர்ப்பு படிச்ச ஒரு கணக்குப்பிள்ளையோட புரிதல், அவ்வளவுதான்.

லாபியிங்ல இருந்து ஆரம்பிக்கலாம். இந்தியாவுல அது தப்புன்னு ஒரு சட்டமும் இல்ல, இப்படித்தான் பண்ணணும்னு ஒரு சட்டமும் இல்ல. அமைச்சரையோ செயலாளரையோ பார்த்து இந்த வரியைக் குறைங்க இந்த விதியை மாத்துங்கன்னு கேக்குறது எல்லாருக்கும் உள்ள உரிமை, காசு கைமாறினா ஊழல் தடுப்புச் சட்டம், இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற பெரிய இடத்துக்கு எந்தப் பதிவேடும் கிடையாது. அமெரிக்காவுல 1995-ல ஒரு சட்டம் போட்டு, சம்பளம் வாங்கிட்டு லாபி பண்றவங்க பேரைப் பதிவு பண்ணணும், யாருக்காக எந்த மசோதாவுக்காக எவ்வளவு பணம்னு மூணு மாசத்துக்கு ஒரு தடவை கணக்கு கொடுக்கணும்னு வச்சிருக்காங்க, அதை யாரு வேணா எடுத்துப் பார்க்கலாம். 2012-ல வால்மார்ட் அங்க தாக்கல் பண்ண அந்த மாதிரி ஒரு கணக்குல இந்தியச் சந்தைக்குள்ள வர்ற விஷயமும் இருந்தது தெரிஞ்சுதான் நம்ம பார்லிமெண்ட்ல பெரிய ரகளை ஆச்சு, நீதிபதி முகுல் முட்கலை வச்சு விசாரணையும் போட்டாங்க. யோசிச்சுப் பாருங்க, நம்ம நாட்டு சங்கதி நமக்கு அடுத்த நாட்டு பேப்பர்ல இருந்து தெரிய வருது. அதுக்கு முன்னாடி 2010-ல, பெரிய கம்பெனிங்களுக்காக லாபி பண்ண நீரா ராடியாவோட ஃபோன் பேச்சு டேப் வெளிய வந்தப்பவும் அப்படித்தான், ஃபோன் ஒட்டுக் கேட்டதாலதான் விஷயமே தெரிஞ்சது, யாரும் தானா முன்வந்து சொல்லல. 2013-ல ஒடிசா எம்.பி. ஒருத்தர் லாபியிங்கை வெளிப்படையாக்கணும்னு தனிநபர் மசோதா கொண்டு வந்தாரு, அது சட்டமாகல.

அதுக்காக அமெரிக்கா சுத்தம்னு நினைச்சுடாதீங்க. அங்க பதிவான லாபியிங் செலவே வருஷத்துக்கு 400 கோடி டாலருக்கு மேல. 2010-ல அவங்க சுப்ரீம் கோர்ட் சிட்டிசன்ஸ் யுனைடட் கேஸ்ல, கம்பெனிங்க தேர்தல்ல தனியா எவ்வளவு வேணா செலவு பண்ணலாம், அது பேச்சுரிமைன்னு சொல்லிடுச்சு. 2024-ல எலான் மஸ்க் ஒரே ஆளா 25 கோடி டாலருக்கு மேல இறக்கினாரு. வெளிப்படையா இருந்தா பணம் குறையும்னு எவனாவது சொன்னா நம்பாதீங்க, எங்க போகுதுன்னு தெரியும், அதுவரைக்கும்தான்.

நம்ம மலைக்கு இதெல்லாம் புதுசும் இல்ல. தென்னிந்தியத் தோட்ட அதிபர்கள் சங்கம், நம்ம ஊர்ல உபாசின்னு சொல்றது, ஆரம்பிச்சது 1893-ல, இன்னைக்கும் குன்னூர்ல க்ளென்வியூவுலதான் ஆபீஸ். வெள்ளைக்காரன் காலத்து மெட்ராஸ் சட்டசபையில, 1919 சீர்திருத்தத்துக்கு அப்புறம் வந்த கவுன்சில்ல, தோட்ட அதிபர்களுக்குன்னே ஒரு தனித் தொகுதி இருந்தது தெரியுமா? ஜமீன்தார்களுக்கு தனி, வியாபாரிகளுக்கு தனி. வரி கட்டாதவன் சொத்து இல்லாதவன் ஓட்டே போட முடியாது. அப்போ பணத்தோட செல்வாக்கு ஒளிஞ்சுக்கல, போர்டு மாட்டிக்கிட்டு சபையில உக்காந்திருந்தது. 1952-ல எல்லாருக்கும் ஓட்டு வந்தப்போ அந்த சீட்டு போயிடுச்சு, சங்கம் இருக்கு, இருக்கிறதுல தப்பும் இல்ல, வால்பாறையில தேயிலை ஆராய்ச்சி நிலையம் நடத்துறதும் அவங்கதான், அந்த ஆராய்ச்சியால சின்ன விவசாயியும் பலன் அடைஞ்சிருக்கான்.

ஆனா சீட்டு போனதுக்கப்புறமும் வேலை நடந்தது. 1961-ல தமிழ்நாட்டுல நில உச்சவரம்புச் சட்டம் வந்துச்சு, ஒரு குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்ட் ஏக்கர், அப்புறம் 1970-ல 15 ஆக்கினாங்க. தஞ்சாவூர் மிராசுதாருக்கு அது பொருந்தும். ஏற்கனவே இருந்த டீ, காபி, ரப்பர், ஏலக்காய், சின்கோனா தோட்டங்களுக்கு விலக்கு. சட்டத்துல சில வரிதான், ஆனா ஆயிரக்கணக்கான ஏக்கர் அப்படியே நின்னுச்சு. இதை முழுக்க லாபியிங்னு சொல்றது நியாயம் இல்ல, தோட்டத்தை துண்டு துண்டா வெட்டினா ஃபாக்டரி ஓடாது, ஏற்றுமதி போயிடும்னு அந்தக் காலத்துல நிஜமாவே நம்பின அதிகாரிங்க இருந்தாங்க, அந்த வாதத்துல சத்தும் இருக்கு. நான் கவனிக்கச் சொல்றது, அந்த வாதத்தை எடுத்துட்டுப் போய் சரியான ஆள்கிட்ட சரியான நேரத்துல சொல்ல ஒரு பக்கத்துக்கு ஆபீஸ், டைப்ரைட்டர், மெட்ராஸ் போக ரயில் சார்ஜ் எல்லாம் இருந்தது, கொழுந்து பறிச்ச பக்கத்துக்கு இல்ல.

சரி, உங்கப்பா வாங்குற காசுக்கு வரேன். இது நடக்குதான்னு சந்தேகமே வேண்டாம். 2009 ஜனவரி திருமங்கலம் இடைத்தேர்தலுக்கு அப்புறம் "திருமங்கலம் ஃபார்முலா"ங்கிறது நாடு முழுக்க தெரிஞ்ச சொல்லாயிடுச்சு. 2016-ல அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தேர்தலைப் பணப் பட்டுவாடாவுக்காகவே தள்ளி வச்சாங்க, 2017 ஏப்ரல்ல ஆர்.கே.நகர் இடைத்தேர்தலை ரத்து பண்ணாங்க, 2019-ல வேலூர் பாராளுமன்றத் தொகுதித் தேர்தலையே ரத்து பண்ணாங்க. தேர்தல் கமிஷனே எழுத்துல ஒத்துக்கிட்ட விஷயம் இது. ஒரு சட்டசபை வேட்பாளருக்கு செலவு வரம்பு 40 லட்சம், பாராளுமன்ற வேட்பாளருக்கு 95 லட்சம், ரிசல்ட் வந்து 30 நாளுக்குள்ள கணக்கு தாக்கல் பண்ணணும். டீ என்ன விலை, வடை என்ன விலை, நாற்காலி வாடகை என்னன்னு மாவட்டத் தேர்தல் அதிகாரி ஒரு ரேட் லிஸ்ட் போடுவாரு, அதை வச்சுத்தான் கணக்கு எழுதணும். ஆனா கட்சிக்கு வரம்பே கிடையாது. வேட்பாளர் கணக்குல வடை எழுதுவாங்க, மிச்சது கட்சிக் கணக்குல போகும், அதுக்கும் மிச்சது எந்தக் கணக்குலயும் வராது. அந்த நேரத்துல ஐம்பதாயிரத்துக்கு மேல கையில வச்சிருந்தா பேப்பர் காட்டணும்னு செக்போஸ்ட்ல நிறுத்துவாங்க, மேட்டுப்பாளையம் மண்டியில கேரட் வித்துட்டு வர்றவன் மாட்டுவான், பெரிய பணம் பெரும்பாலும் வேற வழியில ஏற்கனவே வந்து சேர்ந்திருக்கும்.

ஆனா அந்தக் காசு ஓட்டை வாங்குதாங்கிறது வேற கேள்வி, இங்கதான் ஆராய்ச்சிக்காரங்க நடுவுல ஒத்த கருத்து இல்ல. சைமன் ஷோஷார்னு ஒருத்தர் மும்பை தேர்தல்களை ஆராய்ச்சி பண்ணி சொன்னது எனக்கு நம்ம ஊருக்கும் பொருந்துதுன்னு தோணுது. யாரு யாருக்குப் போட்டாங்கன்னு கொடுக்கிறவனுக்கும் தெரியாது, கொடுத்தா ஓட்டு விழும்னு அவனுக்கே நம்பிக்கை இல்ல, ஆனா எதிராளி கொடுக்கும்போது நாம கொடுக்காம விட்டா ஆளே இல்லன்னு ஆயிடும்னு பயந்து கொடுக்கிறான். டிக்கெட் எடுக்காம பஸ்ல ஏற முடியாதுங்கிற மாதிரி, டிக்கெட் எடுத்ததால ஜன்னல் சீட் கிடைக்கும்னு இல்ல. அதனால உங்கப்பா ரெண்டு பக்கமும் வாங்கிட்டு மனசுக்குப் பட்டவங்களுக்கு குத்தியிருக்கலாம், அந்த சாத்தியம்தான் ஜாஸ்தி. சட்டப்படி வாங்குறதும் குத்தம்தான், அதை நான் நியாயப்படுத்தல. ஆனா அதோட நிஜமான கெடுதல் அவரு ஓட்டுல இல்ல. டிக்கெட் விலை ஏறிக்கிட்டே போறதால பஸ்ல ஏறக்கூடிய ஆளே மாறிடறான், அதுதான் கெடுதல். ஏடிஆர் அமைப்பு வேட்புமனு பிரமாணப் பத்திரங்களை வச்சுப் போடற கணக்குப்படி 2009 மக்களவையில கோடீஸ்வர எம்.பி.ங்க 58 சதவீதம், 2024-ல 93 சதவீதம், 543-ல 504 பேர். இதுல ஒரு சின்னத் திருத்தம் சொல்லணும், ஒரு கோடிங்கிறது 2009-ல இருந்த ஒரு கோடி இல்ல, இன்னைக்கு ஊட்டி டவுனுக்குள்ள கொஞ்சம் சென்ட் இடம் வச்சிருந்தாலே பேப்பர்ல நீங்க கோடீஸ்வரன்தான். அதைக் கழிச்சுப் பார்த்தாலும், எஸ்டேட்ல கொழுந்து எடுக்கிற ஒரு அக்கா பெரிய கட்சியில சீட் கேட்டா என்ன பதில் வரும்னு உங்களுக்கே தெரியும்.

டிக்கெட் காசு எங்கிருந்து வருது? ஒரு பகுதி கட்டட வேலை செய்யற ஆளுங்ககிட்ட இருந்து. தேவேஷ் கபூர், மிலன் வைஷ்ணவ்னு ரெண்டு பேர் சிமெண்ட் விற்பனைக் கணக்கை எடுத்துப் பார்த்தாங்க, தேர்தல் நெருங்குற மாசத்துல சிமெண்ட் உபயோகம் சட்டுனு குறையுது, பில்டர்கிட்ட இருக்கிற ரொக்கம் வேற பக்கம் போகுதுன்னு அதுக்கு அவங்க சொல்ற விளக்கம். இது மறைமுகமான ஆதாரம், நேரா யாரும் பார்த்தது இல்ல, தேர்தல் வேலைக்கு கூலியாளுங்க போயிடறதும் ஒரு காரணமா இருக்கலாமேன்னு நமக்குத் தோணும், ஆனா மோசமான ஆதாரமும் இல்ல.

இன்னொரு பகுதி செக்குல வருது, இது என் ஏரியா. கம்பெனிச் சட்டம் 182-ன்படி ஒரு கம்பெனி முந்தின மூணு வருஷ சராசரி நிகர லாபத்துல ஏழரை சதவீதம் வரைக்கும்தான் கட்சிக்குக் கொடுக்கலாம், எந்தக் கட்சிக்குன்னும் லாப நஷ்டக் கணக்குல எழுதணும். 2017 நிதிச் சட்டம் அந்த ஏழரையை எடுத்துச்சு, கட்சி பேரை எழுத வேண்டியதையும் எடுத்துச்சு. லாபமே இல்லாத கம்பெனி கூட கொடுக்கலாம்னு ஆச்சு. கணக்கு எழுதறவனுக்கு இது என்ன அர்த்தம்னு உடனே புரியும், லாபமே இல்லாதவன் கொடுக்கிறான்னா அது அவன் காசா வேற எவன் காசான்னு கேக்கத் தோணும். கூடவே 2018-ல தேர்தல் பத்திரம் வந்துச்சு, ஸ்டேட் பேங்க்ல மட்டும் கிடைக்கும், ஆயிரம் ரூபாய்ல இருந்து ஒரு கோடி வரைக்கும், 15 நாளுக்குள்ள கட்சி மாத்திக்கணும், கொடுத்தவர் பேரு வெளிய வராது. 2024 பிப்ரவரி 15-ல சுப்ரீம் கோர்ட் அஞ்சு நீதிபதி பெஞ்ச் அதை செல்லாதுன்னு சொல்லி, ஏழரை சதவீதத்தை எடுத்ததையும் தப்புன்னுச்சு. பேங்க் ஜூன் கடைசி வரைக்கும் டைம் கேட்டுச்சு, கோர்ட் விடல, மார்ச்லயே லிஸ்ட் வந்துடுச்சு.

லிஸ்ட்ல எல்லாத்துக்கும் மேல இருந்தது நீங்க இப்போ படிக்கிற ஊரைச் சேர்ந்த கம்பெனிதான், லாட்டரி நடத்துற ஃப்யூச்சர் கேமிங், 1,368 கோடி. திமுக தானே கமிஷனுக்குக் கொடுத்த கணக்குல அவங்ககிட்ட இருந்து வந்தது 509 கோடி. மொத்தத்துல அதிகமா வாங்கினது பாஜக, 6,000 கோடிக்கு மேல. அதிமுகவுக்கு சுமார் 6 கோடிதான். சிபிஎம் பத்திரம் வாங்கல, கேஸ் போட்டவங்கள்ல அவங்களும் ஒருத்தர். இதெல்லாம் உறுதியான விஷயம். இப்போ உறுதி இல்லாதது என்னன்னா, கொடுத்ததுக்கு பதிலா என்ன கிடைச்சதுங்கிறது. தமிழ்நாட்டுல லாட்டரியே 2003-ல இருந்து தடை, அப்போ திமுகவுக்கு எதுக்கு 509 கோடி? ரெய்டு வந்த தேதியையும் பத்திரம் வாங்கின தேதியையும் பக்கத்துல பக்கத்துல வச்சு நிறைய பேர் எழுதினாங்க, சில இடத்துல தேதி ரொம்ப ஒட்டித்தான் வருது. ஆனா தேதி பக்கத்துல இருக்கிறது சந்தேகம், நிரூபணம் இல்ல. அந்தப் பக்கம் இந்தப் பக்கம் யாரு சொன்னாலும் இந்த வித்தியாசத்தை மனசுல வச்சுக்கங்க.

இனி நான் முக்கியமா சொல்ல வந்த விஷயம். பணம் சட்டத்தையே மாத்தி எழுதற அளவுக்குப் போறது அரிது, அதுக்கு சத்தம் வரும், பேப்பர்ல வரும். அது பெரும்பாலும் கேக்குறது ரெண்டுதான், ஒண்ணு விலக்கு, இன்னொண்ணு காலதாமதம். சட்டம் அப்படியே இருக்கட்டும், எனக்கு மட்டும் பொருந்த வேண்டாம், இல்லன்னா இன்னைக்குப் பொருந்த வேண்டாம். மலையில இருக்கிற நமக்கு இதுக்கு உதாரணம் தேட வேண்டியதே இல்ல.

விலக்குக்கு கொடைக்கானல். 90-கள்ல ப்ளெசன்ட் ஸ்டேன்னு ஒரு ஹோட்டல், விதிப்படி ரெண்டு மாடிதான் கட்டலாம், ஏழு மாடி எழும்புச்சு, அதுக்கு அரசாங்கமே விதியைத் தளர்த்தி அரசாணை கொடுத்துச்சு. பழனி மலைப் பாதுகாப்பு கவுன்சில்னு உள்ளூர் ஆளுங்க அமைப்பு ஒண்ணு கோர்ட்டுக்குப் போய் அந்த விலக்கை உடைச்சாங்க. அதுல தனியா கிரிமினல் கேஸும் வந்து, 2000 பிப்ரவரி 2-ல ஜெயலலிதாவுக்கு ஓராண்டு தண்டனை ஆச்சு, அதே நாள்தான் தர்மபுரியில உங்க கோவையில இருக்கிற வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் மூணு பேரை பஸ்ஸோட எரிச்சாங்க. 2001 டிசம்பர்ல ஹைகோர்ட் அவங்களை விடுதலை பண்ணிடுச்சு, அதையும் சேர்த்துத்தான் சொல்லணும். குத்தம் நிக்கல, ஆனா விலக்கும் நிக்கல. ஒரு விதி எல்லாருக்கும், அதை எடுத்துவிடற அதிகாரம் ஒரு ஃபைல்ல ஒரு கையெழுத்துக்கு, அந்த அமைப்பு இருக்கிற வரைக்கும் அந்தக் கையெழுத்துக்கு வெளிய க்யூ நிக்கத்தான் செய்யும். நீலகிரியில ஏழு மீட்டர் உயர வரம்பு இருக்கு, சாதாரண ஆள் வீட்டுக்கு மேல ஒரு ரூம் எடுக்க எத்தனை வாட்டி அலையறான்னு நம்ம எல்லாருக்கும் தெரியும், அதே ரோட்டுல பள்ளத்தாக்குப் பக்கம் கீழ நாலு தளம் இறங்கி ரோட்டுல இருந்து பார்த்தா ஒரு தளம் மாதிரி தெரியற கட்டடமும் தெரியும்.

காலதாமதத்துக்கு உங்க பந்தலூரும் சேர்ந்த கூடலூர் பகுதி. கூடலூர் ஜென்ம நில ஒழிப்புச் சட்டம் போட்டது 1969-ல. ஜென்ம நிலம்னா பரம்பரையா ஒரு குடும்பத்துக்குச் சொந்தமான நிலம், இங்க அது கேரளா பக்கத்து ராஜகுடும்பமான நிலம்பூர் கோவிலகம். அவங்ககிட்ட இருந்து நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்த தோட்டங்களை என்ன பண்றதுன்னு அரசு முடிவு பண்ணலாம்னு சொல்ற பிரிவுதான் உங்க வீட்டுல தினமும் காதுல விழுற செக்ஷன் 17. எஸ்டேட்டுங்க கோர்ட்டுக்குப் போச்சு, 1972-ல சுப்ரீம் கோர்ட் காடு சம்பந்தப்பட்ட பகுதியைத் தவிர மிச்சத்தை சரின்னுச்சு, சட்டம் அமலுக்கு வர 1974 ஆச்சு, கோர்ட்ல எதிர்க்க முடியாதபடி சட்டங்களைப் பாதுகாக்கிற அரசியலமைப்போட ஒன்பதாவது அட்டவணையில சேர்த்தாங்க, அதையும் எதிர்த்து போய் 2007-ல ஒன்பது நீதிபதி பெஞ்ச் தீர்ப்பு வந்துச்சு. நாடு முழுக்க சட்டக் காலேஜ்ல ஐ.ஆர்.கொயலோ கேஸ்னு படிக்கிறாங்களே, அது கூடலூர்ல ஆரம்பிச்ச கேஸ்னு கூடலூர்லயே பல பேருக்குத் தெரியாது. இத்தனை வருஷமும் எஸ்டேட்ல கொழுந்து பறிச்சு ஃபாக்டரிக்குப் போயிட்டுத்தான் இருந்தது. அதே நிலத்துல வீடு போட்டு உக்காந்திருக்கிற ஏழைக் குடும்பத்துக்கு பட்டா இல்ல, பட்டா இல்லாததால பல வீட்டுக்கு பல வருஷமா கரண்ட் கனெக்ஷன் கிடைக்கல. ஒரே வாய்தா, ஒருத்தனுக்கு வருமானம், இன்னொருத்தனுக்கு மண்ணெண்ணெய் விளக்கு. இதுல எஸ்டேட் பக்கம் சட்டப்படி தப்பு எதுவும் செய்யல, கோர்ட்டுக்குப் போறது உரிமை, அந்தக் கேஸுல சில கேள்விங்க நிஜமாவே கஷ்டமான கேள்விங்க. நான் சொல்றது, முடிவு வராம இருக்கிறதே லாபமா இருக்கிறவனும் முடிவு வராம சாகிறவனும் ஒரே க்யூவுல நிக்கிறாங்கன்னுதான்.

பணம் எப்பவுமே ஜெயிக்கும்னும் எழுத மாட்டேன். மசினகுடி சீகூர் யானை வழித்தடம் 2010-ல அறிவிச்சாங்க, 2011-ல ஹைகோர்ட் சரின்னுச்சு, ரிசார்ட்காரங்க சுப்ரீம் கோர்ட் போனாங்க, 2018-ல அனுமதி இல்லாத ரிசார்ட்டுகளுக்கு சீல் வைக்கச் சொல்லி உத்தரவு, 2020 அக்டோபர் 14-ல முழுசா தோத்தாங்க. காசு, வக்கீல், சங்கம் எல்லாம் இருந்த பக்கம் தோத்துச்சு, யானைக்கு ஓட்டும் இல்ல. ஆனா அறிவிப்புக்கும் கடைசித் தீர்ப்புக்கும் நடுவுல பத்து சீசன் போயிருக்கு பாருங்க. அந்தப் பத்து சீசனோட ரூம் வாடகையையும் கணக்குல சேர்த்துட்டு தோல்வியா வெற்றியான்னு நீங்களே சொல்லுங்க.

ஆராய்ச்சி என்ன சொல்லுதுன்னு கேட்டா, அமெரிக்காவுல கிலென்ஸ், பேஜ்னு ரெண்டு பேர் 2014-ல 1,779 கொள்கைக் கேள்விகளை எடுத்துப் பார்த்து, பணக்காரங்களும் அமைப்பா திரண்டவங்களும் கேக்குறது நடக்குது, சராசரி ஆள் தனியா கேக்குறதுக்கு கிட்டத்தட்ட விளைவே இல்லன்னு சொன்னாங்க. அது பெரிய பரபரப்பாச்சு. அதை மறுத்தவங்களும் இருக்காங்க, பணக்காரனும் நடுத்தரக்காரனும் பெரும்பாலான விஷயத்துல ஒரே கருத்துதான், வித்தியாசப்படற கொஞ்சத்துல நடுத்தரக்காரனும் ஓரளவு ஜெயிக்கிறான்னு சொன்னாங்க. அதனால "ஓட்டுக்கு மதிப்பே இல்ல"ன்னு இதை வச்சு முடிவு கட்டாதீங்க. கொஞ்சம் கெட்டியான ஆதாரம் இன்னொண்ணு. 2016-ல வெளிவந்த ஒரு சோதனை, கல்லா, ப்ரூக்மன்னு ரெண்டு பேர் பண்ணது, அமெரிக்கப் பார்லிமெண்ட்டான காங்கிரஸோட 191 உறுப்பினர் ஆபீஸுக்கு மீட்டிங் கேட்டு மெயில், சிலருக்கு வர்றவங்க உள்ளூர்வாசிங்கன்னும் மத்தவங்களுக்கு நன்கொடை கொடுத்தவங்கன்னும் எழுதினாங்க, மிச்சம் எல்லாம் ஒண்ணுதான். நன்கொடைன்னு எழுதின பக்கம் பெரிய அதிகாரிகளோட மீட்டிங் கிடைக்கிற வாய்ப்பு பல மடங்கு. காசு முடிவை வாங்குச்சான்னு அதுல தெரியாது, கதவைத் திறந்துச்சு, அது தெரியும்.

அந்தக் கதவை நான் ரெண்டு பக்கமும் பார்த்திருக்கேன். கம்பெனியில இருந்தப்போ மனு போறதுக்கு முன்னாடியே டெல்லியில எந்த இணைச் செயலாளரைப் பார்க்கணும், டிராஃப்ட் எந்த நிலையில இருக்குன்னு தெரிஞ்சிருக்கும், மனுவுல அவரு நோட் எழுத வசதியா நாங்களே பாராவை எழுதிக் கொடுத்துடுவோம். யாரும் யாருக்கும் ஒரு ரூபாய் கொடுக்கல, தேவையே இல்ல. வேலைப்பளு இருக்கிற அதிகாரிக்கு சுத்தமா டைப் பண்ண, புள்ளிவிவரம் போட்ட நாலு பக்கம் கிடைச்சா அவரு அதைத்தான் எடுத்துப்பாரு, அது மனுஷ சுபாவம். இப்போ விவசாயிகளுக்கு எழுதற மனு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாள்ல போகுது, ஒரு நம்பர் போட்டு ஸ்லிப் தருவாங்க, சில வாரம் கழிச்சு "சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பப்பட்டுள்ளது"ன்னு பதில் வரும். கலெக்டர் நல்லவராவே இருந்தாலும் பச்சைத் தேயிலை விலை அவர் கையில இல்ல. டீ போர்டு தலைமை ஆபீஸ் கொல்கத்தா, அமைச்சகம் டெல்லி, ஃபாக்டரிக்கும் விவசாயிக்கும் 35-க்கு 65ன்னு பங்கு பிரிக்கிற ஃபார்முலா அங்க முடிவாகுது. 2022 ஜனவரியில தேயிலைச் சட்டத்தையே மாத்த வரைவு மசோதா போட்டாங்க, இங்கிலீஷ்ல, வெப்சைட்ல, கருத்து சொல்ல சில வாரம்தான் டைம். ஹட்டியில, அதான் மலைக் கிராமத்துல, இருக்கிற விவசாயி அதை எப்போ பார்ப்பான்? ஓட்டு இருக்கிறது ஊட்டி, குன்னூர், கூடலூர் மூணு தொகுதியில, முடிவு இருக்கிறது ரெண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி. ஓட்டு பூத்தை விட்டு நகராது, அஞ்சு வருஷத்துக்கு ஒரு நாள்தான் பேசும். பணம் முடிவு எடுக்கிற இடத்துக்கே போய் ரூம் போட்டு வருஷம் பூரா உக்காந்திருக்கும். என் அனுபவத்துல ரெண்டுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான், இதுக்கு மேல தத்துவம் எதுவும் எனக்குத் தெரியல.

அதனால உங்கப்பா மேல இருக்கிற கோவத்தைக் கொஞ்சம் இடம் மாத்தி வைங்கன்னுதான் சொல்வேன் தம்பி. தேர்தல் பத்திரம் போயிடுச்சு, ஆனா எலக்டோரல் டிரஸ்ட் இருக்கு, கம்பெனிங்க அதுல போட, வந்ததுல 95 சதவீதத்தை அந்த வருஷமே அது கட்சிகளுக்குப் பிரிச்சுக் கொடுக்கணும், ரிப்போர்ட் கமிஷன் வெப்சைட்ல இருக்கு. 20,000-க்கு மேல கொடுத்தவங்க பேரு 24ஏங்கிற ஃபார்ம்ல வரும். ஒரு மழை நாள்ல உக்காந்து நம்ம தொகுதியில ஜெயிச்ச கட்சியோட ஃபார்மையும், மலையில டெண்டர் எடுத்த கம்பெனிங்க பேரையும் பக்கத்துல வச்சுப் பாருங்க, பேரு ஒத்துப்போனா உடனே திருட்டுன்னு எழுதாதீங்க, குறிச்சு வச்சுக்கங்க.

அதைவிட உபயோகமான வேலை ஒண்ணு வேணும்னா செக்ஷன் 17 பத்தி ஆர்டிஐ, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு, போடுங்க. "ஏன் பட்டா தரல"ன்னு கேக்காதீங்க, காரணம் கேட்டா அது தகவல் இல்லன்னு திருப்பி அனுப்பிடுவாங்க. உங்க கிராமத்தோட சர்வே நம்பரைப் போட்டு, அந்த நிலம் சம்பந்தமா கடைசியா எந்தத் தேதியில எந்த அதிகாரி ஃபைல்ல குறிப்பு எழுதினார், அந்தக் குறிப்போட நகல், எந்த எந்த கோர்ட்ல கேஸ் நிலுவையில இருக்கு, அதுல அரசு கடைசியா பதில் மனு போட்ட தேதி என்ன, இதை மட்டும் கேளுங்க. தமிழ்லயே எழுதலாம், பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினா போதும், முப்பது நாள்ல பதில் வரணும். வரலன்னா முதல் மேல்முறையீட்டுக்கு ஃபீஸ் கிடையாது. நகல் கைக்கு வந்ததும் கேளுங்க, அதை வச்சு அடுத்த மனுவை எப்படி எழுதலாம்னு நான் சொல்றேன்.